சம்பளம் இருபதாம் தேதியோடு தீரும் வீட்டில் முதலில் எங்கே கை வைப்பது

மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கணவன், மனைவி இருவரும் அந்தச் சம்பளத்தில் வேலை பார்த்தால், இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 3,000 ரிங்கிட். கோலாலம்பூரில் செந்தூலிலோ கெப்போங்கிலோ ஒரு அடுக்குமாடி வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், தவணையில் ஒரு கார். கீழே சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட வீட்டுக்கான கணக்கு.

கை இறுகும் மாதத்தில் நம் வீடுகளில் முதல் வெட்டு விழுவது சாப்பாட்டில்தான். மீன் நிற்கும். பிள்ளைக்குப் பழம் நிற்கும். அம்மா இரவில் வெறும் ரசத்தோடு முடித்துக்கொள்வார். அது வெட்டக் கூடாத இடம். தட்டில் 60 ரிங்கிட் மிச்சம் பிடிக்கும் அதே மாதம் வட்டியில் 75 ரிங்கிட்டும் கரண்ட் பில்லில் 40 ரிங்கிட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அதனால் வரிசை இது: முதலில் கடன், அடுத்து கரண்ட், அதற்கும் பிறகுதான் சமையலறை. அங்கேயும் குறைக்க வேண்டியது வீணாவதை மட்டும், சாப்பிடுவதை அல்ல.

கடன்

கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 15, 17, 18 விழுக்காடு என மூன்று படி. பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டியவருக்கு 15, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. 5,000 ரிங்கிட் பாக்கி 18 விழுக்காட்டில் இருந்தால் மாத வட்டி மட்டும் 75 ரிங்கிட். குறைந்தபட்சக் கட்டணம் பாக்கியில் 5 விழுக்காடு, அதாவது 250. அதில் 75 வட்டிக்குப் போனால் அசலில் கழிவது 175தான். அந்த மாதமே மளிகைக்கு 200 ரிங்கிட் அதே கார்டில் தேய்த்தால் கடன் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பல வீடுகளில் ஆறேழு வருடமாக நடப்பது இதுதான். கட்டி முடிக்கும்வரை அந்த அட்டை பர்ஸில் இருக்கக் கூடாது. அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கட்டும். கைப்பேசிச் செயலிகளில் பதிந்து வைத்திருக்கும் அட்டை எண்ணையும் மறக்காமல் அழிக்க வேண்டும், ஏனென்றால் அலமாரிக்குள் பூட்டினாலும் அந்த எண் வழியாகச் செலவு ஓடும்.

இரண்டு மூன்று கார்டும் தனிக்கடனும் சேர்ந்து மாதத் தவணை சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போகலாம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். வங்கிகளோடு பேசி எல்லாக் கடனையும் ஒரே மாதத் தவணையாக நீட்டித் தருவார்கள். போகும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எல்லாக் கடன் அறிக்கை, வீட்டுச் செலவுப் பட்டியல் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். திட்டத்தில் சேர்ந்தால் கார்டுகள் போய்விடும், புதுக்கடன் வாங்குவதும் சிரமம். இந்த நிலையில் இருக்கும் வீட்டுக்கு அது நஷ்டமே இல்லை. ‘கடனைத் தீர்த்துத் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் கட்டணம் கேட்டு வருகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு ஒரு சென்கூடக் கொடுக்க வேண்டாம்.

கார் தவணை தடுமாறும்போது எப்போது பேசுகிறோம் என்பது முக்கியம். தவணைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு மாதம் கட்டாவிட்டால்தான் வங்கி காரை எடுக்கும் வழிக்குப் போக முடியும். அதற்கும் 21 நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். மொத்தத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணையும் வேண்டும். ஆகவே முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே வங்கிக் கிளைக்குப் போய் உட்கார வேண்டும். தவணையை மாற்றி அமைக்க அவர்கள் இசைவது அப்போதுதான் அதிகம். இரண்டு மாதம் ஃபோனை எடுக்காமல் இருந்துவிட்டுப் போனால் பேச்சே வேறு தொனியில் தொடங்கும்.

அவசரப் பணத்துக்கு நம்மிடம் இருப்பது நகை. விற்காமல் அடகு வைப்பது நல்லது, விற்றால் செய்கூலி முழுக்கப் போய்விடும். உரிமம் உள்ள அடகுக் கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, கெடு ஆறு மாதம். 2,000 ரிங்கிட் வாங்கினால் மாதம் 40, ஆறு மாதத்தில் 240. அர்-ரஹ்னு எனும் இஸ்லாமிய முறை அடகுக் கடைகளில் இந்தியர்களும் நகை வைக்கலாம். பெரும்பாலும் அங்கே செலவு குறைவு. ஆனால் அங்கே பல கடைகளில் பாதுகாப்புக் கட்டணம் நகையின் மதிப்பை வைத்துக் கணக்காகிறது, வாங்கும் கடனை வைத்து அல்ல. 6,000 ரிங்கிட் பெறுமான சங்கிலியை வைத்து 1,000 மட்டும் வாங்கினாலும் கட்டணம் 6,000த்துக்கு. அதனால் தேவை சின்னதாக இருந்தால் பெரிய சங்கிலியைக் கழற்றாமல் ஒரு மோதிரத்தையோ தோட்டையோ வைக்க வேண்டும். இரு இடத்திலும் ‘ஆறு மாதத்துக்கு மொத்தம் எத்தனை ரிங்கிட்?’ என்று கேட்டு ஒப்பிட்டால் குழப்பம் தீரும். நகையை வைத்த அன்றே கெடுத் தேதியைச் சுவர் நாள்காட்டியில் இரண்டு வாரம் முன்னதாகக் குறித்துவிடுங்கள். மீட்க முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டிப் புதுப்பித்தால் நகை ஏலத்துக்குப் போகாது. அடகுச் சீட்டை ஃபோனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்குச் சட்டம் அனுமதிப்பது ஈடு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடு இல்லாததற்கு 18. அதற்கு மேல் கேட்பவரும், ஏடிஎம் அட்டையைப் பிடித்து வைப்பவரும் ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர்தான், கடைக்கு என்ன பலகை மாட்டியிருந்தாலும் சரி. கூட்டு (சீட்டு) பிடிப்பது நம் ஆட்களிடம் பழைய பழக்கம். அதை நடத்துவதைத் தடுக்க 1971இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தலைவி ஓடிப்போனால் காசைத் திரும்ப வாங்க வழியில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட்

2025 ஜூலையிலிருந்து மின்சார நிறுவனமான டிஎன்பியின் கட்டண முறை மாறிவிட்டது. பழைய படிக்கணக்கை வைத்துப் பில்லைப் பார்த்தால் புரியாது. இப்போது சாதாரண வீட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு மின்சாரம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55, வலையமைப்புக் கட்டணம் 12.85, ஆக 44.43 சென். இதிலிருந்து சிக்கனத்துக்கான தள்ளுபடி கழிகிறது. 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு. யூனிட் ஏற ஏறக் கழிவு சுருங்கிக்கொண்டே போகிறது, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லவே இல்லை. மீட்டரில் யூனிட் கூடினால் அதற்கான காசு சேர்வதோடு, தள்ளுபடியும் கையை விட்டுப் போகிறது.

மனத்தில் வைக்க வேண்டிய எண் 600. அதைத் தாண்டிய மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் சேரும், 600க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி சேரும், எரிபொருள் விலைக்கேற்ற மாதாந்தர ஏற்ற இறக்கமும் பில்லில் வரும். 600க்குள் இருந்தால் மூன்றும் இல்லை. மாதம் 620, 640 என்று வரும் வீடுகள்தாம் அதிகம் இழக்கின்றன. அவர்களுக்கு 50 யூனிட் குறைப்பது எட்டாத காரியமும் இல்லை.

எங்கிருந்து குறைப்பது? விளக்கை அணைத்து அணைத்துப் பார்த்தும் பில் இறங்கவில்லை என்று பலர் வருத்தப்படுவார்கள். எல்இடி விளக்கு 9 வாட். பத்து மணி நேரம் எரிந்தாலும் பத்தில் ஒரு யூனிட்கூட ஆகாது. தின்பவை சூடாக்கும், குளிராக்கும் பொருள்கள். குளியலறை ஹீட்டர் ஏறக்குறைய 3.6 கிலோவாட். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். நாலு பேர், தினம் ஒரு தடவை, 30 நாள்: 72 யூனிட். அந்த ஒரு பொருளே வீட்டை 600க்கு மேல் தள்ளப் போதும். கோலாலம்பூர் வெயிலில் மாலை நேரத்தில் குழாய்த் தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக வரும். ஹீட்டரை விடியற்காலைக்கும், காய்ச்சல்காரருக்கும், வயதானவருக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் மிச்சம்.

இன்வெர்ட்டர் இல்லாத 1 குதிரைத்திறன் ஏர்கோன் எட்டு மணி நேரத்தில் 4 முதல் 6 யூனிட் இழுக்கும். மாதம் 120 முதல் 180. வெப்பநிலையை 25இல் வைத்து, கூரை விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு 22 போலவே இருக்கும், கம்ப்ரசர் பாதி நேரம் ஓய்வில் இருக்கும். முன்மூடியைத் திறந்து வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். தூசு அடைத்தால் காற்று குறையும், அறை குளிராது, நாம் 18க்குத் தட்டுவோம். அதன் பிறகும் உள்ளே இருந்து தண்ணீர் சொட்டினாலோ ஐஸ் கட்டினாலோ சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று வருடா வருடம் காசு வாங்குபவரை நம்ப வேண்டாம். கேஸ் தானாகத் தீராது. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, ஒழுகலை அடைக்காமல் நிரப்பினால் அது மறுபடி போகும்.

குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு சோதனை. கதவில் ஒரு ரிங்கிட் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடை இல்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. முதலில் ரப்பரின் மடிப்பைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், பாதி வீட்டில் அங்கே இருப்பது பழைய குழம்புக் கறைதான். துடைத்தும் பிடிக்காவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. நாளெல்லாம் சூடாகவே இருக்கும் மின்கெண்டியும், காலையில் வைத்த சோற்றை இரவுவரை சூட்டில் வைத்திருக்கும் ரைஸ் குக்கரும் சேர்ந்து தினம் ஒன்றரை யூனிட் எடுத்துக்கொள்ளும். வெந்நீரை ஃப்ளாஸ்கில் ஊற்றுங்கள். சோறு வெந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்து பில்லுக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மீட்டர் எண்ணைக் குறித்து, அடுத்த ஞாயிறு அதே நேரம் கழித்துப் பாருங்கள். வாரம் 135 யூனிட்டுக்குள் இருந்தால் மாதம் 600க்குள் முடியும். ஸ்மார்ட் மீட்டர் வீட்டுக்கு மைடிஎன்பி செயலியிலேயே அன்றாடக் கணக்கு தெரியும்.

சமையலறை

விலைக்கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள்களை முதலில் தேடுங்கள். ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2.50 ரிங்கிட். போத்தல் எண்ணெயை விட விலை மிகக் குறைவு, எண்ணெய் அதே செம்பனை எண்ணெய்தான். பாக்கெட்டில் ஓரத்தை வெட்டி நேரே சட்டியில் ஊற்றினால் கை தவறிக் கூடுதலாக விழும். வாங்கிய அன்றே காய்ந்த போத்தலுக்கு மாற்றிவிடுங்கள். சீனி கிலோ 2.85, உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டை 26 ரிங்கிட். பொன்னியே வேண்டும் என்கிற வீட்டில் இரவுச் சோற்றுக்கு மட்டும் பொன்னி, பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கும் நாசி கோரேங்குக்கும் உள்ளூர் அரிசி என்று பிரித்தால் ருசியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 14 கிலோ கேஸ் தோம்பு 26.60. வீட்டு வாசலுக்கு, மாடிக்குத் தூக்கிவர அதற்கு மேல் வாங்குவார்கள், அது கூலி.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பாதி உண்மை. நம் ஊர் ஈரப்பதத்தில் பருப்பும் ரவையும் மாவும் வண்டு பிடிக்கும். பெரும்பாலும் முட்டை கடையிலேயே உள்ளே இருக்கும், நம் டப்பாவில் பொரிக்கும். பருப்பை இரண்டு கிலோ வாங்கி, இறுக்கமான பையில் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். எடுத்த உடனே பையைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த பருப்பின் மேல் காற்றின் ஈரம் படிந்து பூசணம் பிடிக்கும். ஒரு இரவு மேசையில் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு காய்ந்த டப்பாவில் கொட்டுங்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் இருந்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். வெங்காயம் வலைப்பையில் தொங்கட்டும், கிழங்கு இருட்டில் இருக்கட்டும். ஆறு வாரத்துக்கு மேல் தேவைப்படும் அளவு எதையும் வாங்காதீர்கள்.

இட்லி மாவை வீட்டில் அரைப்பது நல்ல மிச்சம், வாரம் நாலு காலைச் சாப்பாடு அதில் முடிந்துவிடும். இட்லி அரிசி நாலு கப், உளுந்து ஒரு கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, ஒரு கைப்பிடி அவல். உளுந்தைத் தனியாக ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மிக்சியில் அரைத்தால் மாவு சூடாகி உளுந்து உப்பாது, இட்லி கல்லாகும். இங்கே இரவு வெப்பத்தில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். ஊரில் பாட்டி சொன்ன பன்னிரண்டு மணி நேரம் கோலாலம்பூருக்குப் பொருந்தாது. இரவு பதினொரு மணிக்கு அரைத்தால் காலை ஐந்தரைக்குப் பொங்கிய மாவைக் கலக்காமல் குளிர்பெட்டிக்குள் ஏற்றிவிடுங்கள். நாலாம் நாள் புளித்த மாவு வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பணியாரம்.

மீனை நிறுத்த வேண்டாம், மாற்றினால் போதும். வஞ்சிரத்துக்கும் வாவலுக்கும் பதில் கெம்போங் (கானாங்கெளுத்தி), செலார், சாளை. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை கிழக்குக்கரையில் மழைக்காற்று, படகு குறைவாகப் போகும், விலை ஏறும். அதற்கு முன் கிடைக்கும் மலிவில் மூன்று நாலு கிலோ கெம்போங் வாங்கி வைக்கலாம். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். வந்த உடனே செவுளையும் குடலையும் எடுத்து, வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டிய கறுத்த இரத்தத்தைக் கட்டைவிரலால் சுரண்டிக் கழுவுங்கள். அதை விட்டால் ஃப்ரீசரில் இருந்தாலும் கவுச்சி ஏறும். துணியால் ஒற்றி, ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஒரு பையில் தட்டையாக அடுக்கிக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டியாக உறைய வைத்தால் நாலு மீனுக்காகப் பன்னிரண்டையும் உருக்க வேண்டிவரும், மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்க முடியாது. ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும்.

கோழியை வெட்டிய துண்டாக வாங்காமல் முழுதாக எடுங்கள். கடைக்காரரே ‘எத்தன துண்டு போடணும் அக்கா?’ என்று கேட்டு வெட்டித் தருவார். கழுத்தையும் முதுகெலும்பையும் தனிப் பையில் கேளுங்கள், மிளகு ரசத்துக்கு ஒரு நாள் ஆயிற்று.

வெளிச் சாப்பாட்டில் ஓசையில்லாமல் போவது காலை நேரம். வீட்டில் இரண்டு பேர் மாமாக் கடையில் ரொட்டிச்சானாயும் தே தாரிக்கும் ஆளுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு முடித்தால், 24 வேலை நாளில் 240. மேலே சொன்ன இட்லி மாவு அந்த இடத்தை அடைப்பதற்குத்தான். தவிர்க்க முடியாத நாளில் 5 ரிங்கிட்டுக்கு உட்பட்ட ரஹ்மா மெனு உள்ள கடையைப் பாருங்கள்.

போக்குவரத்தும் நமக்கு உரியதும்

எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், ரெபிட் பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து மை50 அட்டை 30 நாளைக்கு 50 ரிங்கிட். மாதம் 22 நாள் வேலைக்குப் போகிறவருக்குப் போகவர 2.30 ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறதென்றால் அட்டை லாபம். கேடிஎம் கொமுட்டர் இதில் சேராது. செந்தூலிலிருந்து கொமுட்டரில் போய்க்கொண்டு இந்த அட்டையும் வாங்கினால் இரட்டைச் செலவு. பினாங்கில் ஜார்ஜ்டவுனுக்குள் கேட் பஸ் இலவசம், பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019இலிருந்து டோல் இல்லை. பெட்ரோல் போடும்போது மைகார்டு (அடையாள அட்டை) இல்லாமல் போகாதீர்கள். அதைக் காட்டினால் ரோன்95க்கு 1.99 ரிங்கிட் சலுகை விலை.

உதவிப் பணத்தைக் கேட்கக் கூச்சப்படும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அது நம் வரிப்பணம். எஸ்டிஆர் எனும் அரசாங்க ரொக்க உதவிக்கான விண்ணப்பத்தில் வருமானம், பிள்ளைகள் எண்ணிக்கை, வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தால் உடனே புதுப்பியுங்கள். மூடிப்போன கணக்கு எண்ணால் பணம் திரும்பிப் போவது சாதாரணமாக நடக்கிறது. சாரா எனும் அடிப்படைப் பொருள் உதவி மைகார்டிலேயே ஏறும். அரிசி, முட்டை, எண்ணெய், சோப்பு, மருந்து, பள்ளிச் சாமான் போன்ற குறிப்பிட்ட வகைகளுக்கு மட்டும், பதிவு பெற்ற கடைகளில் மட்டும் கழியும். கவுன்டரில் அந்தச் சாமான்களைத் தனிக் கூடையில் முதலில் வையுங்கள். கலந்து வைத்தால் எது கழிந்தது, எதற்குக் காசு கொடுத்தோம் என்பதே தெரியாது. ரசீதில் மீதத்தொகை இருக்கும், அதை எறியாதீர்கள்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தனியார் கிளினிக்கில் மாதா மாதம் மாத்திரை வாங்குகிறவர், பழைய மருந்துச் சீட்டையும் இரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு அங்கே மாறிக்கொள்ளலாம். முதல் நாள் காத்திருப்பு நீளம், ஏழரைக்குள் போய்விடுங்கள். காசு இல்லை என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது மட்டும் கூடவே கூடாது.

கிராப் ஓட்டுகிறவர், வீட்டில் தையல் தைக்கிறவர், முறுக்கு சுட்டு விற்கிறவர்: இவர்களுக்கு முதலாளி இல்லாததால் இபிஎஃப் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். இபிஎஃப்பின் ஐ-சாராஅன் திட்டத்தில் பதிந்து தாமாகவே கட்டலாம். 2025இலிருந்து கட்டுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட்வரை, அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. முழுத்தொகையும் கிடைக்க வருடத்தில் 2,500 கட்ட வேண்டும். முடியாதவர் தீபாவளி வியாபாரம் முடிந்த வாரம் கையில் காசு இருக்கும்போது 500 கட்டினாலும் அதற்கு 100 சேரும். டிசம்பர் கடைசி வாரம்வரை தள்ளிப்போட வேண்டாம், பள்ளிச் செலவு அந்தக் காசை எடுத்துக்கொள்ளும்.